சைகைக்காரியின் வீடும் பதினேழாம் எண் டவரும்

சைகைக்காரியின் வீடு தெற்கு பார்த்துக் கட்டப்பட்டது. குடிபோன மூன்றாவது வருஷம், மழைக்காலம் முடிந்த கையோடு அது திரும்பத் தொடங்கி, பதினொரு மாதத்தில் வடமேற்கு பார்த்து நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் அது நகர்ந்ததில்லை. சுவரில் கீறல் விழவில்லை, அடுக்கி வைத்த பாத்திரம் உருளவில்லை, தண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு தடவை பிய்த்துக்கொண்டது. மின்வாரிய லைன்மேன் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்து, கொஞ்சம் கூடுதலாகவும் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். வாசல் படிகள் திரும்பவில்லை. படிகளுக்கு இணையம் தேவைப்படவில்லை. ஆகவே சில மாதங்கள் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மூன்று படி ஏறி, குளியலறை ஜன்னலுக்கு எதிரே போய் நின்று கதவைத் தேடினார்கள்.

வீடு ஏன் திரும்பியது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கேபிள் போடுகிறவர்கள் பாலத்தோடு நின்றுவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது பதினொரு வீடு, பதினொரு வீட்டுக்காக மூன்று மைல் பள்ளம் தோண்ட முடியாது என்று எழுத்து மூலம் தெரிவித்தார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி: சிம் போட்ட ரூட்டர் பெட்டி. போனுக்கு வருகிற அதே சிக்னலை வாங்கி வீடு முழுக்கக் கொடுக்கும். பெட்டியை வாங்கியாயிற்று. ஆனால் வடமேற்கே, கரட்டுக் குன்றின் மேல் நின்ற பதினேழாம் எண் டவருக்கும் பெட்டிக்கும் நடுவே வீட்டின் பின்சுவர் இருந்தது. ஒன்றரை அடி கனத்த கருங்கல் சுவர். கூரையின் பெரிய உத்தரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஜன்னல் வைத்தால் கூரை தலையில் இறங்கும். பெட்டியைக் கூரை மேல் வைத்துப் பார்த்தார்கள். வெயிலில் ஒன்று செத்தது, மழையில் இன்னொன்று செத்தது. வீட்டில் பெரிய ஜன்னல் என்று இருந்தது தெற்கே ஒன்றுதான். அந்த ஜன்னலை டவருக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்குத் தோன்றியிருக்கிறது, காட்டியது.

அந்தச் சுவரைக் கட்டியவன் சைகைக்காரியின் கணவன். பிறவியிலேயே காது கேளாதவன், நல்ல கொத்தன். சாப்பாட்டு மேஜைகூட ஒரு நூல் சாய்ந்திருந்தால் பொறுக்க மாட்டான், சட்டைப் பையிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துவிடுவான் என்பதால் ஊரில் அவனுக்கு ரசமட்டம் என்றே பெயர். அவனைக் கட்டிக்கொள்வதற்காகக் கைமொழி கற்றுக்கொண்டவள் அவள். கற்றதை விடாமல் பரீட்சை எழுதித் தேறி, வீடியோ வழியாகப் பேசிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் காது கேளாத ஒருவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு திரை இருக்கும். திரையில் இவள் இருப்பாள், கருநீலச் சட்டையோடு, வெற்றுச் சுவரின் முன்னால். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வளையல்கூடப் போட மாட்டாள். டாக்டர் சொல்வதைக் கையால் சொல்வாள், கை சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். சம்பளம் நகரத்து மையம் கொடுத்தது. மையத்துக்கு ஒரு விதி இருந்தது: ஓர் ஆண்டில் மூன்று முறை அழைப்பு நடுவே அறுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். விதியில் நியாயம் இருந்ததை அவளும் ஒப்புக்கொண்டாள். அரைகுறையாக நிற்கிற கை, பொய் சொல்லும் கை.

முதல் முறை அறுந்தது வீடு திரும்பத் தொடங்குவதற்கு முந்தைய வாரம். அடுத்தது ஏழாவது மாதம், அதற்குக் காரணம் ரசமட்டம். தான் தோண்டிப் போட்ட கடைக்கால் நகர்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மட்டத்தை வைத்துப் பார்த்தான், குமிழி நடுவில்தான் நின்றது. வீடு சாயவில்லை, திரும்பத்தான் செய்கிறது. அதுதான் அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"நான் கட்டின வீடு என்னைக் கேக்காம எப்படித் திரும்பும்?" என்று கையை வீசிக் கேட்டான்.

"என்னைக் கூடக் கேக்கலை. ஆனா எனக்காகத்தான் திரும்புது. உனக்கு என்ன பொறாமையா?" என்று அவள் கை பதில் சொன்னது.

கைமொழியில் நீ, நீங்க என்கிற வித்தியாசம் இல்லை. விரலை நீட்டினால் நீதான். ஆகவே அந்த வீட்டுச் சண்டைகளில் மரியாதை குறைந்துவிட்டதாக யாரும் புகார் சொன்னதில்லை. சண்டையில் ஜெயிக்க முடியாத ரசமட்டம் அவன் தொழிலில் ஜெயிக்கப் பார்த்தான். நான்கு நாளில் வீட்டின் மேற்கு மூலையை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்கு முட்டுச்சுவர் எழுப்பினான். வீடு அதில் வந்து இடித்து நின்றது. சுவர் ஜன்னலில் பாதியையும் மறைத்ததால், பெட்டியில் மூன்று கோடாக ஏறியிருந்த சிக்னல் இரண்டாக இறங்கி, மேகம் கூடினால் ஒன்றாகியது.

அந்த வாரத்தில்தான் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு வந்தது. தலைப்பிரசவம், பெண்ணுக்குக் காது கேட்காது, துணைக்கு வந்தவர்களுக்கோ கைமொழி தெரியாது. ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சைகைக்காரி உள்ளங்கையை முன்னால் நீட்டி, நிறுத்து என்றாள். அடுத்த நொடி, இப்போது முக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவள் சொன்னாள். ஆனால் அங்கே திரையில் அவள் கை, நிறுத்து என்றபடியே உறைந்து நின்றது. அந்தப் பெண் நல்ல பெண், சொன்னதைக் கேட்கிற பெண். நாற்பது விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலியில் கண் பிதுங்க, உறைந்த கையைப் பார்த்துக்கொண்டே நிறுத்திக் கிடந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் திரையின் முன்னால் வந்து நின்று அதை மறைத்தார். குழந்தை பிறந்தது, இருவரும் நலம். மையம் இரண்டு என்று குறித்துக்கொண்டது.

சைகைக்காரி அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அதற்குப் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். என்ன நடந்தது என்பதை ரசமட்டம் மூன்று முறை கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். தெரிந்ததும் எழுந்து போனான். தானே தூக்குக் குண்டு பிடித்து எழுப்பிய சுவரை, சிமென்ட் இன்னும் நன்றாக இறுகாத சுவரை, கடப்பாரையால் இடித்தான். கல்லைக்கூட எடுத்து அடுக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டான். வீடு மறுநாளே இரண்டு விரற்கடை திரும்பியது.

அதன் பிறகு நாலு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. பெட்டியில் ஐந்து கோடும் பச்சையாக எரிந்தன. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு அழைப்புகள். வங்கி, நீதிமன்றம், பல் டாக்டர், ஒரு தடவை பெண் பார்க்கும் படலம்கூட. மற்ற பத்து வீட்டுக்காரர்களும் அவரவர் காரியத்துக்கு அந்த ஜன்னல் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு டவர் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி கையில் வரைபடத்தோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பழைய படிகளில் ஏறிக் குளியலறை ஜன்னலைத் தட்டியவரை பக்கத்து வீட்டு மாவு மில்காரர்தான் சுற்றிக் கூட்டிவந்தார். உள்ளே அழைப்பு நடந்துகொண்டிருந்ததால் இருபது நிமிஷம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அது முடிந்ததும், "மேப் பிரகாரம் இங்க சிக்னல் கிடையாதும்மா," என்றார்.

"பெட்டியைப் பாருங்க சார்," என்றாள்.

பெட்டியைப் பார்த்தார். வரைபடத்தையும் பார்த்தார். "மேப்ல இது காடுன்னு போட்டிருக்கு."

"காட்டுல மாவு மில் எப்படிங்க ஓடுது?" என்று கேட்டார் மில்காரர்.

அதிகாரி சொல்ல வந்த விஷயம் வேறு. கிழக்கே புதிதாக நெடுஞ்சாலை வருகிறது, அதில் போகிறவர்களுக்கு சிக்னல் வேண்டும், ஒன்றாம் தேதி பதினேழாம் எண் டவரின் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பப் போகிறார்கள். "பதினொரு வீட்டுக்கு ஒரு ஆன்டெனான்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"பதினொரு வீடுன்னு யார் கணக்கு சொன்னாங்க? நேத்து ஒரு நாள்ல மட்டும் பதினாலு பேர் என் கையால பேசியிருக்காங்க. அவங்களை எந்த மேப்ல போட்டிருக்கீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார். 'சிக்னல் இல்லை. பயன்பாடு நேரில் காணப்பட்டது' என்று எழுதியதாகப் பிற்பாடு தெரியவந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். அப்படியொரு குடியிருப்பு பதிவில் இல்லை என்று அதே குடியிருப்பின் விலாசத்துக்குப் பதில் வந்தது. இதைப் படித்துவிட்டு ஊர் சிரிக்கவில்லை. எழுதுகிற எனக்கும் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

நகரத்திலிருந்து அவளுடைய அண்ணன் போன் செய்தார். "எதுக்கும்மா இந்த வம்பு? எங்க மாடி ரூம் சும்மாதான கிடக்கு. கேபிள் லைன் இருக்கு. மாப்பிள்ளைக்கும் இங்க வேலைக்குப் பஞ்சமில்லை. மூணாவது தடவை அறுந்துச்சுன்னா வேலை போயிரும், அப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?"

"அண்ணா, இந்த வீடு எனக்காக இத்தனை கனத்தையும் தூக்கிக்கிட்டுத் திரும்பியிருக்கு. நான் அதுக்கு முதுகைக் காட்டிட்டு வரச் சொல்றீங்களா? வர மாட்டேன்."

"வீம்புக்குப் பேசாத."

"வீம்புதான். வச்சுக்கோங்க."

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு நான்கு ஆட்கள் டவரில் ஏறினார்கள். ஒன்பது மணிக்குள் ஆன்டெனா கிழக்கே திரும்பிவிட்டது. பெட்டியில் ஐந்து கோடும் அணைந்து சிவப்பு எரிந்தது. பத்தரைக்கு ஓர் அழைப்பு அவள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விட்டுக்கொடுத்திருக்கலாம், முந்தின நாளே மையத்துக்குச் சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, வெற்றுச் சுவரின் முன்னால் உட்கார்ந்தாள். ஊர் முழுக்க ஜன்னலுக்கு வெளியே நின்றது. அப்போது உத்தரம் ஒரு தரம் முனகியது. தரையில் அதிர்வு தெரிந்தது. வீடு மறுபடியும் கிளம்பப் பார்க்கிறது, எங்கே சிக்னல் கிடைக்குமோ அங்கே தேடிப் போக. அவள் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிரசவ வார்டில் உறைந்த அதே கை.

"போதும்," என்றாள், வாய்விட்டு, வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. "நீ திரும்பினது போதும். நாம யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். இனிமே அவங்க திரும்பட்டும்."

வீடு நின்றது. ரசமட்டம் ஜன்னல் கட்டையில் மட்டத்தை வைத்துப் பார்த்து, மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான். குமிழி நடுவில். பிறகு அவளுக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில், கைகட்டி நின்றுகொண்டான்.

பத்து இருபதுக்கு, கரட்டின் அடியில் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் தலைக்கு மேல் இரும்பு திருகும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்கள். முறுக்கிய போல்ட் முறுக்கியபடி இருக்க, ஆன்டெனா அவசரமில்லாமல் கிழக்கை விட்டு வடக்கே வந்து, மேற்கைத் தாண்டி, தென்கிழக்கே அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்றது. கிட்ட இருந்த வழியை விட்டுவிட்டு ஏன் சுற்றிக்கொண்டு வந்தது என்று நால்வரில் ஒருவர் கேட்டார். அது அதன் இஷ்டம் என்றார் மற்றொருவர். பெட்டியில் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பத்தரை அழைப்பு பத்தரைக்கே சேர்ந்தது. சுகர் ஏறியிருக்கிற ஒரு தையல்காரரிடம், இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். தையல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, இருபது நிமிஷம் வாதாடினார்.

கம்பெனி லேசில் விடவில்லை. மறுநாள் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார்கள், மதியத்துக்குள் அது திரும்பி வந்தது. கம்பத்தோடு வெல்டிங் வைத்துப் பற்றவைத்தார்கள், பற்றவைத்த கம்பத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது. இரும்பு வடத்தால் கட்டினார்கள், வடம் அவிழ்ந்து சுருளாகக் கீழே வைக்கப்பட்டிருந்தது. மொத்தம் ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் அடுத்த அழைப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து சேர்ந்ததே தவிர, ஒரு முறைகூட ஓர் அழைப்பு அறுந்ததில்லை. ஒன்பதாவது முறை வந்த பொறியாளர், டவரின் பதிவேட்டில் 'திசை' என்ற கட்டத்தில் 'அந்த வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். நெடுஞ்சாலைக்கு வேறு டவர் நட்டார்கள். அடுத்த வருஷத்து வரைபடத்தில் காட்டுக்கு நடுவே ஒரு புள்ளி இருந்தது. மில்காரர் அதைப் பிரதி எடுத்து மில் சுவரில் ஒட்டினார்.

அந்த வருஷக் கடைசியில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. டாக்டர் வரத் தாமதம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த முதியவர், சும்மா இருப்பானேன் என்று, "நீ எந்த ஊரும்மா?" என்று கையால் கேட்டார். இத்தனை நாள் யார் கேட்டாலும் நகரத்துப் பக்கம் என்று சொல்லிச் சமாளித்து வந்தாள். கிராமம் என்று தெரிந்தால் லைன் அறுந்துவிடுமோ என்று பயப்படுவார்களே என்பதற்காக. அன்று சமாளிக்கவில்லை. ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாக விரலால் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை, கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இடது கையை முஷ்டியாக்கி நெஞ்சுக்கு முன்னால் அசையாமல் நிறுத்தினாள். சற்றுத் தள்ளி வலது ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, முதுகைக் காட்டி நிற்க வைத்தாள். விரல் மெல்லத் திரும்பி, முஷ்டியைப் பார்த்து நின்றது. முதியவர் அதை ஒருமுறை தானும் செய்து பார்த்து, சரியா என்று கேட்டார். சரி என்றாள். இப்போது எந்த நகரத்திலும், காது கேளாதவர்கள் அந்த ஊரை அப்படித்தான் சொல்கிறார்கள்.