நாலு மணிச் சேதி

“தர்மனோட கணுக்கால் வீக்கம் வத்திடுச்சாம். இன்னிக்கு எறங்குறானாம். அத மொதல்ல சொல்லணும் பாய்,” என்றாள் தையல்நாயகி.

மொய்னுதீன் சுவரோரம் குந்தியபடி தலையாட்டினார். இருவருக்கும் நடுவில், பெஞ்சின்மேல் பரசுராமன் கிடந்தார். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அவரைப் பல்வலிக்காரரைப் போலக் காட்டியது. மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்த பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள், கணுக்கால் என்று காதில் விழுந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“இன்னாடி இது? புருசன் போய்க் கெடக்குறாரு, கணுக்கால் வீக்கத்தப் பேசிக்கினு இருக்கிற?”

“பாய்க்கு மறந்துடும்க்கா. நீ அழு, நான் சொல்லிட்டு வந்துடறேன்.”

பரசுராமன் சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். காற்றடிக்க வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஓர் ஆட்டச் சேதியையும் கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேரடிக்குப் பின்னால் வாலிபால் ஆட்டம். விசில் ஊதுவதற்கு முன்னால் பரசுராமன் மைக்கைப் பிடித்து அந்த வாரத்துச் சேதியெல்லாம் சொல்லுவார். எவனுக்குக் கால் பிசகியது, எவனை எந்த ஊர் டீம் கூப்பிட்டது, எவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் எல்லாம் அதில் வரும். மைக்கும் ஹாரனும் மொய்னுதீனுடையவை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் அதில் பேசியது “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” மட்டும்தான்.

தையல்நாயகி மைதானத்துக்குப் போனதே இல்லை. ஹாரன் தெருப்பக்கம் திரும்பியிருந்ததால் சமையலறையிலிருந்தே கேட்பாள். “முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் உக்காருங்கப்பா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது” என்று அவர் சொன்னால் சேதி முடிந்தது என்று அர்த்தம். அந்தக் குரல் ஓய்ந்ததும் எழுந்துபோய் முறத்திலிருந்து ராச்சோற்றுக்கு அரிசி எடுப்பாள்.

இன்று காலையில் காப்பி குடித்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் அவளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “அப்புறம் நம்ம சாமுவேலு...” என்றவர் சுவரில் சாய்ந்தார். யோசிக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

“சாமுவேலுக்கு இன்னாம்மா?” என்று கேட்டார் மொய்னுதீன். சாமுவேல் இந்த மைதானத்தில் ஆடிப் பழகி, இப்போது கோயமுத்தூரில் ஒரு மில் டீமுக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவன்.

“தெரியலியே பாய். அதோட நின்னுட்டாரு.”

இதற்குள் பரசுராமனின் அண்ணன் பஞ்சாட்சரம் மூங்கில்காரனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

“சாவு வீட்டுக்கும் மைக்குக்கும் இன்னா சம்பந்தம்? மத்தியானமே எடுத்துடணும். தெருவுல ஒரு வீட்லயும் அடுப்பு பத்த வைக்கல. புள்ளையார் கோயில் நடை சாத்திக் கெடக்குது.”

“ஆட்டத்தயே நிறுத்திடறோம்ணே,” என்றான் வாசலில் நின்ற தர்மன்.

“அரக்கோணத்துக்காரங்க அவ்ளோ தூரம் வந்திருக்காங்க, நிறுத்தினா அவரு ஒத்துக்குவாரா?” என்றாள் தையல்நாயகி. பிறகு பஞ்சாட்சரத்தைப் பார்த்து, “நாலு மணிக்கு பாய் சேதி சொல்லட்டும் மாமா. கேட்டுட்டு எடுங்க” என்றாள்.

“யாரு கேக்கணும்? அவன் காதுல விழப்போவுதா?”

“என் காதுல விழும் மாமா. இத்தினி வருசமா அவரு அங்க இருப்பாரு, நான் இங்க உக்காந்து கேப்பேன். இன்னிக்குத்தான் அவரு வீட்ல இருக்காரு. ஒண்ணா ஒரு தடவ கேட்டுடறோம்.”

பஞ்சாட்சரம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நாலரைக்கு ராகுகாலம். பாய் வளவளன்னு இழுத்தார்னா தூக்கச் சொல்லிடுவேன்.”

“எங்க ஊட்டுக்காரருக்குப் பசி தாங்காதேடி,” என்றாள் பொன்னியம்மாள்.

“ஐயம்பேட்டைல தங்கச்சி வீட்டுக்கு அனுப்புக்கா. சாப்டுட்டு வரட்டும்.”

நாலு மணிக்குள் குளிப்பாட்டி, வாசல் பந்தலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சட்டைக்குள் ஆட்டப் பனியன் தெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அரக்கோணத்துக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். எல்லோரும் வாலிபால்காரர்களின் உயரம். அவர்கள் பெஞ்சைச் சூழ்ந்து நின்றதும், நெரிசலில் தையல்நாயகி சுவர்வரைக்கும் தள்ளப்பட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

மைதானத்துப் பக்கமிருந்து ஹாரன் கரகரத்தது. “ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும், “ஒன், டூ, த்ரீ.”

பஞ்சாட்சரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, புடிங்கப்பா.”

“இருங்க மாமா,” என்றாள் தையல்நாயகி.

ஹாரனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். “நம்ம தர்மனோட முழங்கால் சரியாயிடுச்சு.”

“கணுக்கால்,” என்றாள் அவள், முதுகுகளைப் பார்த்து. தர்மன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

“குமாரவேலுக்குத் தையில கல்யாணம். அடுத்த வருசம் ஆட வருவானான்னு பொண்ணைத்தான் கேக்கணும். அரக்கோணத்துல புதுசா ஒரு பையன், எடது கையால அடிக்கிறான், பாத்து நில்லுங்க.” மொய்னுதீன் மூச்சு வாங்கினார். “அப்புறம் நம்ம சாமுவேலு...”

தையல்நாயகி நிமிர்ந்தாள்.

“சாமுவேலு இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி நேரா மைதானத்துக்கு வந்தான். மில்லுல லீவு போட்டுட்டு இன்னிக்கு நம்ம பக்கம் ஆடுறான். பரசுராமன்கிட்ட மட்டும் சொல்லி வச்சிருந்தானாம். பையோட இங்கதான் நிக்கிறான், அழுதுக்கினு.”

“அதானா,” என்றாள் அவள் மெதுவாக.

ஹாரன் கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது. “இன்னிக்குச் சேதி சொல்ல வேண்டியவரு வரல. அவ்ளோதான்.” மறுபடியும் இரைச்சல். பிறகு, மறந்துபோனது ஞாபகம் வந்ததைப் போல அவசரமாக, “முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் உக்காருங்கப்பா. பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது” என்றார்.

முதலில் தர்மன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்ற ஆட்டக்காரர்களும், அரக்கோணத்துக்காரர்களும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். பாடை மூங்கிலைப் பிடித்திருந்த பஞ்சாட்சரம் தனியாக நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவரும் குந்தினார்.

சுவரோரத்திலிருந்து பரசுராமனின் முகம் நன்றாகத் தெரிந்தது. மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

தையல்நாயகி எழுந்தாள். பொன்னியம்மாள் நீட்டிய முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நடந்தாள்.