போடிமெட்டிலிருந்து ஒரு ‘ங்க’

பால்காரர் ஊற்றிய பாலில் நுரையை ஊதிவிட்டு அளவு பார்க்கிற வீடு எங்களுடையது. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். எங்கள் கல்லூரி ஹாம் ரேடியோ கிளப்பில் மைக்கில் பேசுவதும், யாரோடு பேசினோம் என்று லாக் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. அந்த வேலைக்கு ஆசைப்பட்ட தனபால் இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த ஞாயிறு, பள்ளி கல்லூரிக் கிளப்புகளுக்குப் போட்டி. அதிகக் கிளப்புகளோடு பேசுகிறவர்களுக்குக் கோப்பை. ஒரு தொடர்பு இரண்டு பக்க லாக்கிலும் இருந்தால்தான் செல்லும். போலித் தொடர்பு ஒன்று இருந்தாலும் மொத்த லாக்கையும் தள்ளிவிடுவார்கள்.

மதியம் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது.

“போடிமெட்டு எஸ்டேட் பள்ளிக்கூடமுங்க. என்ற பேரு கற்பகமுங்க. கேக்குதுங்களா? நீங்கதான் எங்க முதல் தொடர்புங்க. ஒண்ணாவது சேந்தாத்தான் போட்டி நடத்தறவங்க குடுத்த ரேடியோ செட்டை எங்ககிட்ட விட்டு வெப்பாங்க.”

கேட்டது. கேட்டதுதான் கோளாறு. எஸ்டேட்டில் ஏது இந்த ‘ங்க’? அங்கே பேசுவது மதுரை, திருநெல்வேலி வழித் தமிழ். ‘என்ற பேரு’ என்று கொங்குத் தமிழ் பேசும் எங்கள் சித்தூர்ப் பக்கம்தான் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தேன். டீ குடிக்கப் போன தனபாலை அரை மணி நேரமாகக் காணோம். அவன் வீட்டில் ஒரு செட் உண்டு, ஒரு தங்கையும் உண்டு.

“அங்க மழைங்களா?” என்று ஆழம் பார்த்தேன்.

“இல்லீங்க, மஞ்சுங்க. எதிர்ல இருக்கற ஆளே தெரியலீங்க.”

பாடம் நன்றாகத்தான் படித்து வந்திருக்கிறாள். என் லாக்கைக் கெடுக்கவா பார்க்கிறாய் தனபால்? பல்லைக் கடித்துக்கொண்டு “நன்றிங்க” என்றேன். எழுதிய வரியைக் குறுக்கே அடித்தேன்.

கோப்பை எங்களுக்கே வந்தது. தனபால் சிரித்தபடி கை கொடுத்தான். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

ரேடியோவில் பேசியவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் கார்டு அனுப்புவது வழக்கம். பத்து நாள் கழித்துப் போடிமெட்டு முத்திரையோடு ஒன்று வந்தது.

“அக்கா, பட்டியல்ல எங்க பள்ளிக்கூடத்துக்கு நேரா சைபர் போட்டிருக்கு. நான்தான் எதையோ தப்பா எழுதிட்டேன் போல. மன்னிச்சிருங்க. செட்டைத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை நீங்க பேசுறதைக் கேட்டுத்தான் பழகுனேன். ரேடியோன்னா அப்படித்தான் பேசணும்னு நெனச்சு ‘ங்க’ எல்லாம் மனப்பாடம் பண்ணேன். சரியாப் பேசுனேனாக்கா?”

‘என்ற பேரு’, ‘கேக்குதுங்களா’. ஒவ்வொரு ஞாயிறும் மைக்கை எடுத்ததும் நான் சொல்கிற சொற்கள். என் பேச்சையே நான் நம்பாமல் போயிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கார்டைத் தனபாலிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன். படித்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தான்.

“என்மேல இருந்த கோவத்துல அந்தப் புள்ளைய அடிச்சுட்டியே, கிருத்திகா” என்றான்.

அந்த வரியை அடித்தது நான்தான், கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளிக்குச் செட்டைக் கொடுங்கள் என்று போட்டி நடத்தியவர்களுக்கு அன்றே எழுதிவிட்டேன். கற்பகத்துக்கு எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ‘சரியாத்தான் பேசினீங்க’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.