ஓடையில் விழுந்த கரை

காளியம்மாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது சந்து முழுக்கக் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அது படியேறி வீட்டுக்குள்ளும் புகுந்து, அரிசி மூட்டையை ஊறவைத்திருந்தது. மகள் தர்ஷினி புத்தகப் பையோடு கட்டில்மேல் குந்தியிருந்தாள்.

"மழையே இல்லியே, எங்கிருந்துடீ வந்துச்சு?"

"வெங்கடப்பன் ஓடையில மண்ணைக் கொட்டி அடைச்சிட்டாராம்மா."

அவர்கள் வாடகைக்கு இருந்த வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் நாற்பதின் கழிவும் பின்னாலிருந்த ஓடையில்தான் விழுந்தது. பாகலூர்ப் பக்கம் இறங்கும் அந்த ஓடைக்கரையில்தான் வெங்கடப்பனின் கொத்தமல்லித் தோட்டம். காளியம்மாள் ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே அங்கே போனாள்.

புதுக்கரையின் மேல் அவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுது. வெட்டி விடும்."

"உங்க கக்கூஸ் தண்ணியக் குடிச்சு என் பசு செத்துப்போச்சு. எங்கிருந்தோ பொழைக்க வந்துட்டு, எங்க ஓடைய நாறடிக்கிறீங்க. வந்த வழியே போங்க."

"பைப்ப ஓடையில விட்டது நாங்களா? வீட்டுக்காரன் சுரேந்தர் உம்ம அண்ணன் மகன்தான? அவன்கிட்டப் போய்க் கேளும்."

வெங்கடப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வெட்டு மண்ணை அள்ளிக் கரைமேல் போட்டார். அண்ணன் மகனிடம் வாய் திறக்கத் துணிவில்லாத மனிதர் தர்ஷினியைச் சாக்கடையில் உட்கார வைத்திருக்கிறார் என்று புரிந்ததும் காளியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண்வெட்டியைப் பிடுங்கிக் கரையில் ஓங்கி வெட்டினாள். அவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் முழங்கையால் நெஞ்சில் இடித்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். ஈர மண் சரிந்தது. தேங்கிய தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு கொத்தமல்லிப் பாத்திகள்மேல் பாய்ந்தது.

"நாளைக்கும் அடைப்பேன்!" என்று கத்தினார் வெங்கடப்பன்.

"நாளைக்கும் வந்து வெட்டுவேன்!"

சந்தில் தண்ணீர் வடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுரேந்தர் வந்து நின்றான்.

"எங்க சித்தப்பா மேலயே கை வெக்கிறியா? ஞாயித்துக்கெழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

"அவரு அடைச்சதுல மூழ்குனது ஒம்ம வீடுங்கதான்யா."

"அது எங்க குடும்ப விஷயம். நீ யாரு நடுவுல?"

எதிர்வீட்டில் தரையைக் கழுவிக்கொண்டிருந்த சரஸ்வதி எல்லாவற்றையும் கேட்டாள். காளியம்மாள் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சுரேந்தரின் பேச்சைவிட அந்தச் சத்தம்தான் காளியம்மாளைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. கட்டிலையும் பாத்திரங்களையும் அம்மாவும் மகளுமே தூக்கி ஏற்றினார்கள். போகும்போது காளியம்மாள் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.