இரவல் குக்ரி

“அம்மா, இந்தக் குக்ரி நம்மளுதா, ஜஸ்லால் மாமாவோடதா?” என்று ஒருநாள் மகள் கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தில்சரிக்கு அலுத்துப்போயிருந்தது. மழைக்காலத்திலிருந்து இதே பாடுதான். விறகு பிளக்கத் தேடினால் குக்ரி என்னும் அந்த வளைகத்தி பக்கத்து வீட்டில் இருக்கும். ஜஸ்லால் திருப்பித் தரும்போது அது மழுங்கியிருக்கும். போதாக்குறைக்கு, வெள்ளத்தன்று ஓடைக்கரையில் கட்டியிருந்த எருமையின் புதுக் கயிற்றை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். எருமை தானாக வீடு வந்து சேர்ந்தது. வெட்டியவன் கை விளங்காமல் போகட்டும் என்று திட்டித் தீர்த்து, அதன் கழுத்தில் தொங்கிய கயிற்றுத் துண்டைச் சாட்சிக்கு எடுத்துவைத்திருந்தாள்.

அம்மனுக்கான தசைன் திருவிழாவின் ஒன்பதாம் நாள் வந்தது. வீட்டுக்கு வீடு கருவிகளைக் கழுவி முற்றத்தில் பரப்பிப் பூசை. ஜஸ்லால் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, கொஞ்ச நேரம் குடு. பூசையில வச்சுட்டுக் கொண்டாந்துடறேன்.”

“சாமிக்குக் காட்டறதுக்குமா இரவல்? எங்க வீட்டுக்காரர் கத்தார்ல லாரி ஓட்றாரு, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் இந்தப் பூசையே. இன்னைக்கு இது வாசப்படி தாண்டக் கூடாதுண்ணே.”

அவர் திரும்பிப் போய்விட்டார். குக்ரி வைக்காத பூசையை அம்மன் ஏற்பாளா என்று அவளுக்கே மனம் உறுத்தியது.

தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி பூர்ணகலி மெல்லச் சொன்னாள்: “கோவிச்சுக்காத புள்ள. அவரோடது உன் எருமையாலதான் போச்சு.” வெள்ளம் எருமையின் கழுத்துவரை ஏறியிருந்ததாம். முடிச்சு அவிழவில்லை. ஜஸ்லால் இறங்கி வெட்டினார், குக்ரி கைநழுவித் தண்ணீரோடு போய்விட்டது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா நீ புதுசு வாங்கித் தருவ. புருசன் ஊர்ல இல்லாதவளுக்கு எதுக்குச் செலவுன்னாரு.”

தில்சரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. நல்லது செய்துவிட்டு வாயைத் திறக்காத மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அந்தக் கையையல்லவா அவள் சபித்திருந்தாள். தாயே, அதைக் கணக்கில் வைக்காதே என்று வேண்டிக்கொண்டாள்.

ஜஸ்லால் வீட்டார் மேட்டுக் கோயிலுக்குப் புறப்பட்ட பிறகு பெட்டியைத் திறந்தாள். புழங்காமல் வைத்திருந்த மாமனாரின் கொம்புப்பிடிக் குக்ரி, உறையில் செருகிய இரண்டு சின்னக் கத்திகளோடு அப்படியே இருந்தது. எண்ணெய் தடவித் துடைத்தாள்.

ஜஸ்லாலின் முற்றத்தில் அரிவாள், கோடரி, மண்வெட்டி எல்லாவற்றின் மேலும் சாமந்தி இருந்தது. நடுவில் மட்டும் வெற்றிடம். தில்சரி அங்கே குக்ரியை வைத்து அரிசியும் குங்குமமும் இட்டாள். வெட்டுப்பட்ட கயிற்றுத் துண்டை உறையில் சுற்றிக் கட்டினாள். பின்கட்டு வழியாக வீடு திரும்பினாள்.