பைண்டிங்கில் வராத வாரங்கள்

குரோம்பேட்டையில் பக்கீர் முகமது நடத்தும் வாடகை நூலகத்துக்கு, டிவி சீரியல் வந்த நாளிலிருந்து ஈ ஓட்டுவதுதான் வேலை. அந்த நூலகத்துக்குள் லட்டுப் பெட்டியோடு நுழைந்தார் முனிரத்தினம்.

"பாய், நீ குடுத்த நாவல் இன்னாமா கீது! அரிசி யாவாரத்த அப்பிடியே புட்டு வெச்சிக்கிறாரு."

பக்கீருக்கு உச்சி குளிர்ந்தது. காதல் கதையை யார் வேண்டுமானாலும் சிபாரிசு செய்யலாம். யாரும் சீந்தாத பழைய வியாபார நாவல்களை ஆளறிந்து தள்ளிவிடுவதில்தான் அவருக்குப் பெருமை. சீட்டுக் கம்பெனிக்காரருக்கு ஒன்று, லாரி முதலாளிக்கு ஒன்று. பம்மல் நிலத்தை விற்று அரிசிக்கடை வைத்த முனிரத்தினத்துக்கு, வார இதழில் தொடராக வந்து புத்தகமே ஆகாமல் போன இந்த மண்டிக் கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கொடுத்து பைண்டு போட்டது. தோல் தொழிற்சாலையில் பக்கீர் வேலை பார்த்த காலம். இதழ் வந்தால் அவரும் மனைவி அஜீசாவும் யார் முதலில் படிப்பது என்று அடித்துக்கொள்வார்கள். என்ன நாட்கள் அவை!

"ரெண்டாவது மண்டி தொறக்கறதோட முடிச்சாரு பாரு, அதான் எழுத்து! நானும் அனகாபுத்தூர்ல ரெண்டாவது கட போடறேன். வூட்ட அடமானம் வெச்சிட்டு. சாயங்காலம் கையெழுத்து."

பக்கீர் கையிலிருந்த லட்டைக் கீழே வைத்தார். அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் மண்டிக்காரர் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அடியில் ‘தொடரும்’ இருந்த இடத்தை ஓரம் வெட்டிய கத்தி கொண்டுபோயிருந்தது. அந்த வாரத்தோடுதான் தொழிற்சாலையை மூடினார்கள். சம்பளமில்லாத வீட்டில் இதழ் ஏது? மிச்சத்தைச் சலூனில் உட்கார்ந்து படித்தார். கடன் முற்றி, இரண்டு மண்டியும் போய், வீடும் ஏலத்துக்கு வந்து, மண்டிக்காரர் இன்னொருவரிடம் கணக்கெழுதப் போவதுதான் முடிவு. அது மனதில் அப்படியே இருந்ததால், பைண்டிங்கில் இல்லாதது இத்தனை வருடம் உறைக்கவே இல்லை. அரைக் கதையைக் கொடுத்து ஒரு மனுஷனைக் கிளப்பிவிட்டோமே!

"உக்காருங்க முனிரத்தினம். கதை இன்னும் கொஞ்சம் இருக்கு, இதுல வரல. நான் சொல்றேன்."

"நல்லபடியாத்தான பாய் முடியுது?"

பக்கீர் புத்தகத்தை மூடி வைத்தார். "மண்டி திறந்து மறு வாரம்..." என்று ஆரம்பித்தார்.

முனிரத்தினம் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, "பத்திரக்காரரு" என்றார். பேசவுமில்லை, நிறுத்தவுமில்லை. உள்ளங்கையில் மின்னி மின்னி அது அடித்துக்கொண்டேயிருக்க, அவர் பக்கீரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.