எலும்புக்கும் எனக்கும் நடுவில்

புனிதரின் முழங்கால் எலும்பு எங்கள் கோயிலுக்கு வந்திருந்தது. ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். கைப்பிடி வைத்த கண்ணாடிப் பேழைக்குள் அதை வைத்து ஃபாதர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக வந்து கண்ணாடியில் முத்தமிட்டு முத்தி செய்ய, ஃபாதருக்கு உதவியாக நின்ற கோயில் பணியாளர், எங்கள் பேச்சில் கோயில்பிள்ளை, எச்சில் பட்ட இடத்தை வெள்ளைத் துணியால் துடைத்தார். அந்தத் துணியைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தது என் அக்கா.

எனக்கு எலும்பில் நம்பிக்கை கிடையாது. ராத்திரி வேலை முடிந்து தூங்கப் போகாமல் வரிசையில் நின்றது அக்காவுக்காக. அத்தானின் கால் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியபோது, கால் தப்பினால் இந்த எலும்பை முத்தி செய்வதாக நேர்ந்திருந்தாள். தப்பியது. கடைசி பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் இரண்டாவது புருஷன். முதல் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான்; அவன் இருக்கும்வரை கோயில் கணக்கில் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அதனால் அக்காவுக்கு நன்மை கிடையாது. பூசையில் தரும் அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம்.

அக்கா குனிந்ததும் கோயில்பிள்ளை துணியைக் கண்ணாடிமேல் போட்டு மூடினார்.

"உனக்குத்தான் நன்மை கிடையாதேம்மா."

"நன்மையா கேட்டேன்? எலும்பைத்தானே."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் எலும்பையா குடுக்கறீங்க?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஃபாதர் அக்காவின் தலைக்கு மேலே எதையோ பார்த்தார்.

"வரிசை நிக்குது. நகரு," என்றார் கோயில்பிள்ளை.

"எலும்புக்கும் எனக்கும் நடுவுல நீங்க என்ன சதையா? நீங்க நகருங்க."

அக்காவுக்குப் பின்னால் நின்ற மூட்டுவலி அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, நான் எவ்வளவு நேரம் நிக்கிறது? அவ முத்தி செஞ்சுட்டுப் போகட்டும்."

கோயில்பிள்ளை அசையவில்லை. அக்கா குனிந்து, மூடிய துணிமேலேயே முத்தமிட்டாள். நிதானமாக, சத்தம் கேட்கும்படி.

காலையிலிருந்து ஒரே வேலை பார்த்துப் பழகிய கை அவருடையது. முத்தம் விழுந்ததும் துடைப்பதற்காகத் துணியைத் தானாகத் தூக்கிவிட்டது. அக்கா நிமிரவே இல்லை. அடுத்த முத்தம் கண்ணாடியில்.

கோயில்பிள்ளை தன் கையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"துடைங்க," என்றாள் அக்கா. "நான் துவைச்சதுதான்."

மூட்டுவலி அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அக்கா வாய் வைத்த இடத்திலேயே முத்தி செய்துவிட்டு நகர்ந்தார்.