இடது கையின் தமனி

முடிதிருத்துபவருக்கு இதயத்தில் மூன்று அடைப்புகள். பைபாஸ் அறுவையில் ஒன்றை மார்புத் தமனி கொண்டு சரிசெய்யலாம், மற்ற இரண்டுக்கும் உடம்பில் வேறிடத்து ரத்தக்குழாய் வேண்டும் என்றார் டாக்டர்.

"கால்லேருந்து எடுத்துக்குங்க டாக்டர். எல்லாருக்கும் அப்படித்தானே செய்றீங்க?"

"உங்க கால்ல ஏது? நரம்பு சுருட்டல்னு ரெண்டு கால்லயும் முன்னாடியே எடுத்துட்டாங்களே. இடது கைத் தமனிதான் வழி. கால் குழாயைவிட அது ரொம்ப வருஷம் அடைக்காம ஓடும்."

முப்பது வருடம் நின்றே வேலை பார்த்ததில் கால் நரம்புகள் போயின. இப்போது சீப்புப் பிடிக்கும் கையைக் கேட்கிறார்கள்.

"கை மரத்துப்போகுமா?"

"கட்டைவிரல் பக்கம் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம். சிலருக்கு நிரந்தரமாவும் இருக்கும்."

"வேண்டாம்னு சொன்னா?"

கதவோரம் நின்ற மனைவி, "ஏங்க, சீப்பை நான் பிடிச்சுக்கறேன். நீங்க வெட்டுங்க," என்றாள்.

"நல்லாருக்கு. வந்தவன் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான்."

டாக்டர் அவரைக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்தினார். விரித்தபோது உள்ளங்கை வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் அழுத்தத்தை விட்டார். அந்த ஒரு தமனியின் ரத்தத்தால் மட்டும் நிறம் திரும்பாவிட்டால் இந்தக் கையைத் தொடமாட்டார்கள். திரும்பக் கூடாது என்று முடிதிருத்துபவர் வேண்டிக்கொண்டார்.

நான்கே விநாடியில் உள்ளங்கை சிவந்தது.

"பிரமாதம்," என்றார் டாக்டர். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்துக் கடையைத் திறந்தார். மூச்சு வாங்கவில்லை. கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சீப்பை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு, ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.